முதல் வேட்டைத் துப்பாக்கி: 410 போரா, 20 கேஜா?

அமெரிக்காவில் பிள்ளையை முதன்முறையாக அணில், புறா வேட்டைக்குக் கூட்டிப்போகும் பெற்றோர் பெரும்பாலும் இந்த இரண்டு ஷாட்கன்களுக்கு (ஒரே வெடியில் பல சிறு குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கி) நடுவில்தான் யோசிப்பார்கள். போர், கேஜ் இரண்டும் குழல் அகலத்தின் அளவுகள். 410 போரைவிட 20 கேஜ் குழல் அகலமானது. வாங்குவது பெரியவர்தான், 18 வயது ஆகாதவருக்கு உரிமம் பெற்ற கடைகள் விற்கக் கூடாது.

410 போரில் சுடும்போது தோளில் விழும் உதை குறைவு. ஒற்றைத் தோட்டா மாடல் என்றால் எடையும் விலையும் குறைவு. ஒரே வெடிதான் என்பதால் பிள்ளை நிதானமாகக் குறி பார்க்கும். ஆனால் இரண்டரை அங்குலத் தோட்டாவில் ரவை, அதாவது உள்ளிருக்கும் சிறு குண்டுகள், சுமார் 14 கிராம்தான். பறக்கும் புறாவைப் பழகாத கை அதை வைத்து வீழ்த்துவது கஷ்டம். அடிபட்டும் சாகாமல் பறந்துபோகும் பறவைக்கு அது பெரும் கொடுமை. தோட்டா விலையும் பொதுவாக 20 கேஜைவிட அதிகம். துப்பாக்கியில் மிச்சம் பிடித்த காசு பயிற்சியிலேயே கரைந்துவிடும்.

20 கேஜில் ரவை சுமார் 25 கிராம். உதை கூடத்தான், சரி. மாஸ்பெர்க் 500 பேண்டம் போன்ற சிறுவர் மாடல்களில் தோள்கட்டை குட்டையாக இருக்கும். உதை குறைந்த தோட்டாவும் கிடைக்கும். ரொம்பச் சின்னப் பிள்ளை, கிளையில் அசையாத அணில் என்றால் 410 போதும். மற்றபடி நான் 20 கேஜ் பக்கம்தான்.

வீட்டில் 20 கேஜைவிட அகலமான குழல் கொண்ட 12 கேஜும் இருந்தால் கவனம். 20 கேஜின் மஞ்சள் தோட்டா அதற்குள் தவறிப் போனால் குழலில் நழுவிச் சிக்கிக்கொள்ளும். அதன் பின்னால் 12 கேஜ் தோட்டாவை வைத்துச் சுட்டால் குழலே வெடிக்கும். இரண்டு வகைத் தோட்டாவையும் ஒரே பையில் போடவே கூடாது.