கத்திரி வெயிலும் கறுத்துப்போன திரையும்

கண்ணமங்கலம் தாண்டிப் போளூர் போகிற வழியில் மச்சான் காரின் ஸ்டீரியோ திரை பட்டென்று கறுத்துவிட்டது. மேப் போச்சு, ரிவர்ஸ் கேமரா போச்சு, பாட்டும் போச்சு. கத்திரி நேரம், உச்சி வெயில். குலதெய்வம் கோயிலுக்கு டீக்கடை டீக்கடையாக வழி கேட்டுப் போய்ச் சேர்ந்தோம். உண்மையைச் சொன்னால் அது நன்றாகவே இருந்தது. இருட்டியதும் திரை தானாக உயிர் பெற்று, விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தது.

அப்பாவின் அம்பாசடரில் சூட்டில் கெட என்ன இருந்தது? பெட்ரோல் பம்ப் சூடேறி வண்டி நின்றால் ஈரத்துணி சுற்றி, ஒரு சோடா குடித்துவிட்டுக் கிளம்புவோம். இப்போது எதன்மேல் துணி சுற்றுவது?

மறுநாள் வேலூரில் சர்வீஸ் சென்டர். பெயர் வேண்டாம். டோக்கன், ஏசி அறை, தண்ணீர் பாட்டில் எல்லாம் நான் இருக்கும் துபாய் தரம்தான். வண்டியைக் காலையில் ஷெட் நிழலில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சார் ஓடுது" என்றார் அட்வைசர். மதியம் வெயிலில் நிறுத்திப் பாருங்கள் என்றால் சிரிக்கிறார். திரும்பக் கெட்டு, திரும்பக் கொண்டுபோனதும் பேச்சு தலைகீழாக மாறிவிட்டது: "ஸ்டீரியோ யூனிட்டையே மாத்திடலாம் சார்." எஸ்டிமேட் 38 ஆயிரம். 'நல்லா ஓடுது' என்பதற்கும் 'மாத்திடலாம்' என்பதற்கும் நடுவில், திறந்து பார்ப்பது என்று ஒன்று இருக்கக் கூடாதா?

துபாயில் மட்டும் திறந்து பார்க்கிறார்களா என்று மச்சான் கேட்டான். இல்லைதான், அங்கேயும் மாற்றத்தான் சொல்வார்கள். ஆனால் 45 டிகிரியிலும் வண்டி பேஸ்மென்ட்டிலோ கூரைக்கடியிலோ நிற்கும். பக்கவாட்டுக் கண்ணாடிக்கு 50 சதவீதம் வரை டின்ட் ஃபிலிம் ஒட்டச் சட்டமே அனுமதிக்கிறது. இங்கே கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்ட 2012 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு ஃபிலிம் என்றாலே எல்லோருக்கும் பயம். நிழலுக்கு இருந்த வேப்பமரமும் தெருவை அகலப்படுத்தியபோது போய்விட்டது.

அப்புறம்தான் ஆற்காடு ரோட்டுப் பக்கம் கார் வயரிங் பார்க்கும் பாய் ஒருவரின் கடை. ஒரு பெட்டி, ஒரு டெஸ்ட் லாம்ப், ஒரு ஸ்டூல், அவ்வளவுதான் கடை. கேட்டதும் அவர் செய்த முதல் வேலை, கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியை வெயிலிலேயே விட்டது. "காயட்டும் சார், டீ சாப்பிடலாம்." திரும்பி வந்து ஆன் செய்தால் சொல்லிவைத்த மாதிரி திரை கறுத்தது. "இப்பதான் நோய் வெளிய வந்திருக்கு."

பிளாஸ்டிக் பட்டையை நெம்பி யூனிட்டை வெளியே இழுத்தார். அதன் முதுகில் சூட்டை வெளியேற்ற அலுமினியத் தகடுகள் இருக்கின்றன. சாலையைப் படம்பிடிக்கும் டேஷ்கேமும் கலர் லைட்டும் மாட்டிய அக்சஸரீஸ் கடைக்காரன் மிச்ச வயரையெல்லாம் சுருட்டி, டேப் அடித்து, அந்தத் தகடுகள்மேலேயே திணித்திருக்கிறான், தலையணைக்குப் பஞ்சு அடைத்தது போல. வெயிலில் நின்ற காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். உள்ளே சிப்பின் சொந்தச் சூடு வேறு. சூடு வெளியேற வழியில்லாவிட்டால் சிப் கருகிப்போகாமல் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், ஆறியதும் விழிக்கும். யூனிட்டில் கோளாறே இல்லை!

வயரைக் கீழே இறக்கிக் கட்டினார், தகடுகளைப் பிரஷ்ஷால் துடைத்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்த டேஷ்கேமைத் தட்டிப் பார்த்தார். அதன் லித்தியம் பேட்டரி உப்பியிருந்தது. "இதை முதல்ல கழட்டுங்க, தீப்பிடிச்சா வண்டியே போயிடும். பேட்டரிக்குப் பதிலா கெபாசிட்டர் வச்சது வாங்குங்க, சூடு தாங்கும்." முன்கண்ணாடிக்கு வெள்ளித்தாள் மறைப்பு போடுங்கள், வெயிலில் நின்ற வண்டியை எடுத்ததும் நாலு கண்ணாடியையும் இறக்கிக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஏசி போடுங்கள், அதுவரை போனைச் சார்ஜில் போடாதீர்கள் என்றும் சொன்னார். கூலி 600 ரூபாய். துபாயில் அந்தக் காசுக்குப் பட்டையைக்கூடக் கழட்ட மாட்டார்கள்.

அடுத்த நாள் மதியமே வேண்டுமென்று திருவண்ணாமலை வரை ஓட்டிப் பார்த்தோம், திரை கறுக்கவே இல்லை. சர்வீஸ் சென்டரிலிருந்து மட்டும் மச்சானுக்கு இன்னும் போன் வருகிறது: "ஃபீட்பேக் கால் வந்தா பத்துக்குப் பத்து குடுத்துடுங்க சார்."