ட்ரை சூட் வாடகைக்கு எடுக்கிறீர்களா? ஈயத்தை ஏற்றி அனுப்பும் ஆட்களிடம் ஜாக்கிரதை

ஆழ டைவ், ட்ரை சூட் (தண்ணீர் புகாத, உள்ளே காற்று நிற்கும் டைவிங் உடை) பயிற்சி இரண்டையும் ஒரே பேக்கேஜாக விற்கும் ஒரு டைவ் நிறுவனத்திடம் பணம் கட்டினேன். 30 மீட்டரில் மூச்சை முழுசாக இழுக்க முடியாமல் தவித்துவிட்டு வந்திருக்கிறேன். பெயர் போடவில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சூட்டைக் கையில் வாங்கியபோதே மார்பில் இருக்கும், சூட்டுக்குள் காற்று ஏற்றும் இன்ஃப்ளேட்டர் பட்டன் கரகரவென்று அழுந்தியது. ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. கேட்டதற்கு, "தண்ணிக்குள்ள போனா சரியாயிடும் சார்" என்றார்கள். சிலிண்டரிலிருந்து காற்று கொண்டுவரும் ஹோஸை மாட்டி ஒரு தடவை காற்று ஏற்றிப் பார்க்கலாம் என்றேன், நேரமில்லை என்றார்கள். ஆழமில்லாத இடத்தில் மிதப்புச் சோதனையும் கிடையாது. தண்ணீரில் இறங்கியதும் நான் மூழ்கவில்லை. சூட்டுக்குள் காற்று நிறைய மிச்சம் இருந்தது, அவ்வளவுதான். இடது தோளை உயர்த்தி, அங்கே இருக்கும் வால்வைத் திறந்து அதை வெளியேற்றச் சொல்லித் தந்திருந்தால் போதும். கைடு அதைச் செய்யாமல் என்னை மூழ்க வைக்கக் கூடுதலாக 6 கிலோ ஈய எடையை என் மேல் ஏற்றினார்.

கீழே போகப் போக என்ன ஆகும்? மேலே 1 பார் இருக்கும் அழுத்தம் 10 மீட்டரில் 2, 30 மீட்டரில் 4. சூட்டுக்குள் 8 லிட்டராக இருந்த காற்று அங்கே 2 லிட்டராகச் சுருங்கிவிடும். அந்த இழப்பை, இறங்கும்போதே பட்டனைச் சின்னச் சின்னதாக அழுத்தி ஈடுகட்ட வேண்டும். நான் அழுத்தினேன், காற்று நூல் போல வந்தது. சூட்டின் மடிப்புகள் தொடையின் உள்பக்கத்திலும் அக்குளிலும் தோலைக் கிடுக்கி மாதிரி கவ்வின. நெஞ்சு விரியவில்லை. கையைத் தோள்வரை தூக்க முடியவில்லை. ஈயம் கீழே இழுக்க, பிசிடியில் (காற்று ஏற்றி மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) காற்று ஏற்றித்தான் நின்றேன். கைடிடம் 'பிரச்சினை' என்று சைகை காட்டினால், அவர் ஓகே காட்டிவிட்டு இன்னும் கீழே கை நீட்டுகிறார்! நானே டைவை முடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தேன்.

ஏறும்போது இறுக்கம் தளர்ந்தது. ஆனால் அழுத்தி அழுத்திப் பார்த்த அந்தப் பட்டன் திடீரென்று உள்ளேயே சிக்கிக்கொண்டது. காற்று நிற்காமல் ஏறத் தொடங்கியது. ஹோஸைக் கழற்றி, இடது முழங்கையைத் தூக்கி வால்வு வழியே வெளியேற்றினேன். கெட்டியான கையுறையோடு அந்த இணைப்பைக் கழற்றுவது லேசான காரியம் இல்லை. இதைக் கரையிலேயே பழகிக்கொள்ள வேண்டும். அவர்கள் சொல்லித் தரவில்லை.

கூடுதல் ஈயம்தான் இதில் மிக மோசமான வேலை. தேவைக்கு மேல் 6 கிலோ இருந்தால் அதைத் தாங்க ஏறக்குறைய 6 லிட்டர் காற்று கூடுதலாக வேண்டும். 30 மீட்டரில் இருக்கும் அந்த 6 லிட்டர், 20 மீட்டரில் 8, 10 மீட்டரில் 12. வெளியேற்றத் தாமதமானால் உங்களை மேலே தூக்கி எறிந்துவிடும். காற்று கால் பக்கம் ஓடிவிட்டால் தலைகீழாகிவிடுவீர்கள். தோளில் இருக்கும் வால்வு அப்போது எதற்கும் உதவாது, உடலைச் சுருட்டி உருண்டு நிமிர்ந்தால்தான் காற்று தோளுக்கு வரும்.

2020 நவம்பரில் அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில், மெக்டொனால்ட் ஏரியில் 18 வயதுப் பெண் ஒருவர் பயிற்சி டைவில் இறந்தார். அவருடைய ட்ரை சூட்டுக்குக் காற்று தரும் ஹோஸ் இணைக்கப்படவே இல்லை. எளிதில் கழற்றி எறிய முடியாதபடி ஈயம் வேறு. என் சூட்டில் ஹோஸ் இருந்தது, வேலை செய்யவில்லை. கீழே போனபின் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆகவே பணம் கட்டுமுன், முதல் ட்ரை சூட் டைவ் எங்கே என்று கேளுங்கள். நீச்சல்குளமோ ஆழமில்லாத தண்ணீரோ இல்லாமல் நேராக ஆழத்துக்கு என்றால் வேண்டாம். இன்ஃப்ளேட்டரையும், காற்றை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வையும் உங்கள் கண்முன்னே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் புகாமல் கழுத்தைச் சுற்றிப் பிடிக்கும் சீல் மிக இறுக்கமாக இருந்தால் மயக்கம் வரும், அந்த சூட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஈய அளவைச் சிலிண்டரில் 50 பார் மட்டும் மிச்சம் இருக்கும்போது, 5 மீட்டரில், காற்றை வெளியேற்றிய சூட்டோடு பார்க்க வேண்டும். குதித்த இடத்தில் கைடின் கண்மதிப்பில் அல்ல.

கரையேறியபின் தோல் கோடு கோடாகக் கன்றிப்போயிருந்ததைக் காட்டினேன். "ட்ரை சூட்னா முதல்ல அப்படித்தான் சார் இருக்கும்" என்றார் உரிமையாளர். வால்வ் எப்போது சர்வீஸ் ஆனது என்று எழுத்தில் கேட்டேன், பதில் இல்லை. பணமும் திரும்பவில்லை. காயத்தின் படங்கள், டைவ் கம்ப்யூட்டர் பதிவு, உப்பு படிந்த பட்டனின் படம் எல்லாவற்றையும் அவர்களுக்குச் சான்றிதழ் தரும் பயிற்சி அமைப்புக்கு அனுப்பியிருக்கிறேன். இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால், படங்களை அழிக்காமல் நீங்களும் புகார் கொடுங்கள்.