எழுத்தை மறுபடி திருத்த கிம்ப்பா, ஃபோட்டோஷாப்பா?

போஸ்டரில் எழுத்து வேலை ஒரே தடவையில் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. தேதி மாறும், பெயரில் ஒற்று விட்டுப்போயிருக்கும், "இன்னும் கொஞ்சம் பெருசா" என்பார்கள். ஒரு மாதம் கழித்துத் திறந்தாலும் திருத்த முடிகிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் கணக்கில் என் ஓட்டு ஃபோட்டோஷாப்புக்கு.

இரண்டும் படம் திருத்தும் மென்பொருள்கள். கிம்ப் இலவசம், ஃபோட்டோஷாப் சந்தா, தெரிந்ததுதான். ஜேபெக் படத்தில் ஒட்டிப்போன எழுத்தை இரண்டுமே திருத்தாது. அழித்துவிட்டு மேலே புதிதாகத் தட்ட வேண்டியதுதான்.

தமிழ் எழுத்து ஒழுங்காக வருவதில் வெகுகாலம் கிம்ப்தான் முன்னால் நின்றது. எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகங்களால் யுனிகோடு தமிழ் எதையும் நோண்டாமலே சரியாக விழும். பழைய ஃபோட்டோஷாப்பில் 'கொ' தட்டினால் கொம்பு இடம் மாறி நிற்கும். பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து எஞ்சினைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏற்கெனவே தட்டிய லேயர்களுக்கு (படத்தின் தனித்தனி அடுக்குகள்) பாராகிராஃப் பேனல் மெனுவில் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற எழுத்தமைப்பைத் தனியாகப் போட வேண்டும். 2022 பதிப்பில் எல்லா மொழிக்கும் ஒரே எஞ்சின் வந்துவிட்டது. அந்தப் பழைய தொல்லைக்குத் தப்பிக்க, யுனிகோடு அல்லாத பாமினி ஃபான்ட்டில் தட்டிய கோப்புகள் இன்னும் சுற்றுகின்றன. அவற்றில் 'அம்மா' என்பது உள்ளுக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திருத்தப் போனால் மிஞ்சுவது ஆங்கிலக் குப்பை. எதில் செய்தாலும் யுனிகோடிலேயே தட்டுங்கள்.

இனி, திருத்தம். கிம்ப் 2.10-ல் எழுத்து லேயரை ரொட்டேட் அல்லது ஸ்கேல் கருவியால் தொட்டால் அது வெறும் பிக்சல், அதாவது படப்புள்ளிகள், ஆகிவிடும். லேயர் பேனலில் எழுத்து ஐகான் மறைந்து சாதாரணச் சிறுபடம் வந்தால் அதுதான் அடையாளம். மறுபடி எழுத்துக் கருவியால் சொடுக்கினால், 'திருத்தினால் மற்ற மாற்றங்கள் போய்விடும்' என்று எச்சரிக்கும். ஒப்புக்கொண்டால் பழைய நேர் எழுத்து வரும், சாய்வு போச்சு. அதனால் பெரிதாக்க ஸ்கேலைத் தொடாமல் கருவியின் அளவு எண்ணை மாற்றுங்கள். சாய்ப்பதற்கு முன் லேயரை டூப்ளிகேட் செய்து, அசலின் கண் ஐகானை அணைத்து வையுங்கள். 2025-ல் வந்த 3.0 நிறைய மாறியிருக்கிறது: ஃபில்டர் போட்டாலும் எழுத்து எழுத்தாகவே இருக்கும், வெளிக்கோடும் எழுத்துக் கருவியிலேயே உண்டு. சாய்ப்பதற்கு மட்டும் டூப்ளிகேட் பழக்கத்தை நான் விடச் சொல்ல மாட்டேன்.

ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல்+டி (T) அழுத்திச் சாய்த்தாலும் இழுத்தாலும் எழுத்து எழுத்துதான். ஸ்ட்ரோக் (வெளிக்கோடு), நிழல் போட்ட பிறகு சொல்லை மாற்றினால் அவையும் கூடவே வரும். பெர்ஸ்பெக்டிவ், டிஸ்டார்ட் மட்டும் நேரடியாக நடக்காது. லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (அசலை உள்ளே பத்திரமாக வைத்திருக்கும் உறை) ஆக்க வேண்டும். பிளர் போடும்போது ரேஸ்டரைஸ் (பிக்சலாக்குவது) செய்யவா, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கவா என்று வரும் கேள்விக்கும் அதே பதில், ரேஸ்டரைஸ் வேண்டாம். பிறகு அதை இரட்டைச் சொடுக்கித் திறந்து, திருத்தி, சேமித்தால் போதும்.

இங்கேயும் இரண்டு கண்ணி உண்டு. ஃபான்ட் இல்லாத கணினியில் கோப்பு நன்றாகத்தான் தெரியும். எழுத்தைத் தொட்டதும் மாற்று ஃபான்ட் வந்து வரிகள் உடையும். பிஎஸ்டியோடு (ஃபோட்டோஷாப் கோப்பு) ஃபான்ட் கோப்பையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். இன்னொன்று, ஆட்டோ லீடிங் (தானாக அமையும் வரி இடைவெளி) எழுத்தளவில் 120 சதவீதம். 48 பாயிண்டுக்கு 57.6 வரும், மேல்வரி 'கூ'வின் வால் கீழ்வரி 'கி'யின் சுழியில் இடிக்கும். 66 வைத்துப் பாருங்கள்.

இரண்டையும் கலந்து வேலை செய்யாதீர்கள். கிம்ப் 2.10-ல் பிஎஸ்டியைத் திறந்தால் எழுத்து லேயர்கள் பிக்சலாகத்தான் வரும். அங்கிருந்து பிஎஸ்டியாக ஏற்றுமதி செய்தாலும் அதே கதை.