கராஜில் வாங்கிய கறிவேப்பிலைக் கன்று: வேரில்லாத செடிக்கு 130 டொலர்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் செப்டம்பர் கடைசி வந்தால் கராஜ் கதவைத் திறந்துவைத்துக் கறிவேப்பிலைக் கன்று விற்கத் தொடங்கிவிடுவார்கள். எல்லாரையும் சொல்லவில்லை. போன வருடம் அப்படி ஒருவரிடம் இரண்டு கன்று வாங்கினேன், ஒன்று 65 டொலர். பேரம் பேசிப் பார்த்தேன், ஒரு சதமும் இறங்கவில்லை. "இரண்டு வருசக் கண்டு தங்கச்சி, வேர் நல்லாப் பிடிச்சு நிக்குது" என்றார். முழங்கை உயரம், கருகருவென்று இலை, தவிட்டு நிறச் சாடி. மணத்துக்கே மயங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய முகநூல் பக்கத்தில் "வடிவான கன்று, நன்றி அண்ணா" என்று எழுதி ஐந்து நட்சத்திரமும் போட்டேன். அந்தப் பக்கத்தில் இருக்கிற பாராட்டெல்லாம் இப்படி வாங்கிய அன்றைக்கே எழுதியவைதான் என்பது பிறகுதான் உறைத்தது. வெட்டி நட்ட கொப்பு மூன்று கிழமைக்குப் பச்சையாகத்தான் நிற்கும். ஒரு மாதம் கழித்து வந்து எழுத யாருக்கு மனம் வரும்?

இரவில் பத்துப் பாகைக்குக் கீழே போகத் தொடங்கியதும் இரண்டையும் உள்ளே எடுத்து, தெற்குப் பக்கத்து யன்னலடியில் வைத்தேன். ஒக்டோபர் நடுப்பகுதியில் ஒன்றின் இலைகள் தொங்க ஆரம்பித்தன. கொப்பே கையைக் கீழே போட்ட மாதிரி. அவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பதில் உடனே வந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. "தண்ணி காணாது. ஹீற்றர் போட்ட வீடு, மண் காய்ஞ்சு போகும். காலமையும் பின்னேரமும் ஒவ்வொரு கப் விடுங்கோ." விட்டேன். இன்னும் தொங்கியது. "புளிச்ச மோர் கொஞ்சம் ஊத்துங்கோ." ஊரில் அம்மாவும் முற்றத்து மரத்துக்கு மோர் ஊற்றுவார், அதனால் சந்தேகம் வரவில்லை. ஒரு டம்ளர் ஊற்றினேன். மூன்றாம் நாள் அறை முழுக்கப் புளித்த வாடை. சாடியைத் தொட்டால் மண்ணிலிருந்து சின்னக் கறுப்பு ஈக்கள் எழும்பிப் பறந்தன.

அப்புறம்தான் மருந்து. நேரில் வந்து பார்த்துவிட்டு, லேபல் இல்லாத ஒரு போத்தலைத் தந்தார். "வேர் மருந்து, ஸ்பெஷலாச் செய்தது", 25 டொலர். நீல நிறத் தண்ணீர். கடையில் பத்து டொலருக்குப் பெட்டியாக விற்கும் சாதாரணப் பசளை உப்பைக் கரைத்தாலும் இதே நீலம்தான் வரும். அதுதான் இது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் விட்ட நாலாம் நாள் இலை நுனியெல்லாம் கருகியது. நோயாளி வேருக்குப் பசளை உப்புக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும்.

அந்த நேரம்தான் மாமி மொன்ரியலில் இருந்து வந்திருந்தார். யாழ்ப்பாணத்து இணுவில்காரி, செம்மண்ணில் சின்ன வெங்காயம் செய்த குடும்பம். நான் கப்பும் கையுமாகச் சாடியடிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பிள்ளை, மண்ணைத் தொட்டுப் பாத்தனியோ?" என்று கேட்டார். தொட்டேன். மேலே கொஞ்சம் காய்ந்திருந்தது. "மேலுக்கில்லை, விரலை உள்ள விடு." இரண்டாவது கணுவரை விட்டேன். பிசைந்த களி மாதிரி வந்தது. "மாரியில வெள்ளம் நிண்டா வெங்காயத்தாள் வாடித்தான் சாயும். வாடிப்போச்செண்டு அதுக்கு மேல தண்ணி இறைக்கிற விசரன் ஆரும் இருக்கிறானோ?"

எனக்குத் தெரியாமல் இருந்தது இதுதான், அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். வேருக்கும் மூச்சு வேண்டும். மண் துகள்களுக்கு நடுவில் இருக்கிற காற்றிடம் முழுக்கத் தண்ணீரால் நிரம்பிவிட்டால் வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆக, கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். பார்க்கிறவர் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவார். உண்மையான தாகத்தில் வாடும் இலை மெல்லியதாக, விளிம்பு மொறுமொறுவென்று இருக்கும். தண்ணீர் விட்டால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். தண்ணீர் கூடி வாடும் இலை அவித்த கீரை மாதிரித் துவண்டு, அடியிலிருந்து மஞ்சள் பாரித்து வரும். என்ன செய்தாலும் உடனே நிமிராது. பழகாத கண்ணுக்கு இலையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். சாடியைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மாமி சாடியைச் சரித்துக் கன்றை உருவினார். அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது, பல நாள் அடைத்துக் கிடந்த சிங்க் குழாயைக் கழற்றினது போல. உள்ளே சாடி மண்ணே இல்லை. தோட்டத்தில் மண்வெட்டியால் வெட்டி எடுத்த களிமண் கட்டி. அதை உதறியதும் நடுவில் பெருவிரல் தடிப்பில் ஒரு வேர்த் துண்டு, முனையில் வாளால் அறுத்த தடம் நேராக, சுத்தமாகத் தெரிந்தது. அதைச் சுற்றி ஏழெட்டு மயிர் வேர். ஒன்றைப் பிடித்து இழுத்தேன். பழுப்புத் தோல் கையோடு உரிந்து வந்தது, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. நல்ல வேர் வெள்ளையாக, நறுக்கென்று இருக்கும்.

இரண்டு வருசக் கன்றாவது ஒன்றாவது. கறிவேப்பிலை மரத்தின் வேரிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும். அவற்றை மெல்ல, சொந்த வேர் விடும்வரை பொறுத்துப் பிரித்தால் நல்ல செடிதான். இவர் விற்கிற கிழமையில் அறுத்துச் சாடியில் குத்தியிருக்கிறார். சாடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் துவாரம் வரவேண்டிய இடமெல்லாம் மெல்லிய பிளாஸ்டிக்கால் மூடியே இருந்தது. சில சாடிகள் அப்படித்தான் கடைக்கு வரும், வாங்குகிறவர்தான் குத்தித் திறக்கவேண்டும். அந்தச் சின்ன வேலையைக்கூட அவர் செய்யவில்லை. காலையும் பின்னேரமும் நான் ஊற்றியதெல்லாம் ஒரு சொட்டும் வெளியே போகாமல் உள்ளேயே நின்றிருக்கிறது. அந்தக் கன்று நவம்பரில் செத்துப்போனது.

முதலாவதை உருவிய அன்றைக்கே இரண்டாவதையும் கழற்றினோம். அதற்கு வேர் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அழுகியதை வெட்டி, இலையில் பாதியைக் கத்தரித்து (குறைந்த வேர் அவ்வளவு இலைக்கும் தண்ணீர் கொடுக்காது), பீற் மண்ணும் (மக்கிய பாசி மண்) பெர்லைற்றும் (இலேசான வெள்ளைக் கல் துகள்) கலந்து, முந்தினதைவிடச் சின்னச் சாடியில் வைத்தேன். பெரிய சாடி என்றால் வேர் எட்டாத மண் காயாமல் ஈரமாகவே கிடக்கும். அடியில் கல் போட்டால் தண்ணீர் வடியும் என்று கன்று விற்றவர் சொல்லியிருந்தார், அதுவும் பிழை. கல்லுக்கு மேல் இருக்கிற மண் தன் பங்குத் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டுதான் இருக்கும்.

சூடு கண்ட பூனை கதைதான் பிறகு. பயத்தில் மூன்று கிழமை தண்ணீர் பக்கமே போகவில்லை. டிசம்பரில் இதுவும் தொங்கியது. போச்சு, இதுவும் அழுகிவிட்டது என்று அழாக்குறை. சாடியைத் தூக்கினால் வெறும் பெட்டி மாதிரி இலேசாக இருந்தது. தண்ணீர் ஊற்றினேன், ஊற்றின உடனே அடியால் ஓடித் தட்டில் நிறைந்தது. நன்றாக நனைந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை. பீற் மண் ஒருமுறை முற்றாகக் காய்ந்தால் தண்ணீரை உறிஞ்சாது. சுருங்கிய மண் கட்டிக்கும் சாடிச் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியால் எல்லாம் வழிந்தோடிவிடும், நடுவில் வேர் காய்ந்தபடியே கிடக்கும். ஒரு பேசினில் தண்ணீர் விட்டுச் சாடியை அரை மணி நேரம் உள்ளே வைத்தேன். இரவுச் சாப்பாடு முடிந்து பார்த்தால் கொப்பு நிமிர்ந்திருந்தது. அன்றைக்குத்தான் இரண்டு வாட்டத்துக்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பழகியது.

ரொறன்ரோவில் டிசம்பர் மூன்றாம் கிழமையில் பகல் ஒன்பது மணி நேரம்தான். மரம் அரைத் தூக்கத்தில் இருக்கும், இலை கொஞ்சம் கொட்டுவதும் இயல்பு. என் வீட்டில் இப்போது பனிக்காலத்தில் பன்னிரண்டு பதினைந்து நாளுக்கு ஒரு தரம்தான் தண்ணீர், அதுவும் தூக்கிப் பார்த்த பிறகு. யூலையில் வெளியே வெயிலில் நிற்கும்போது ஒன்றுவிட்டு ஒரு நாள் கேட்கும். நாள் கணக்கை நம்பி ஊற்றச் சொல்கிறவரின் பேச்சை எடுக்காதீர்கள். யன்னலுக்குக் கீழே தரையில் ஹீற்றர் வாய் இருந்தால் சாடியைத் தள்ளி வையுங்கள். அந்த வறண்ட காற்றில் இலைக்கு அடியில் நூலாம்படை கட்டுகிற செஞ்சிலந்தியும் வரும்.

காசைத் திருப்பிக் கேட்டேன். அறுத்த வேரின் படத்தையும் அனுப்பினேன். "உயிருள்ள சாமானுக்கு உத்தரவாதம் இல்லை" என்று ஒரு வரி, பிறகு வட்ஸ்அப்பில் தடுத்துவிட்டார். ரசீது இல்லை, காசாகக் கொடுத்தது. என் பிழையும் இருக்கிறது.

இன்னொன்று. என் அக்கா ப்ளோரிடாவில் இருக்கிறார் என்றதும், "காரில ஒண்டு கொண்டுபோங்கோ, ஆரும் பாக்கமாட்டினம்" என்றும் சொல்லியிருந்தார். அதைக் கேட்டுவிடாதீர்கள். கறிவேப்பிலை தோடை (ஆரஞ்சு), எலுமிச்சைக் குடும்பத்து மரம். தோடை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி இதிலும் வாழும். அந்த நோய் 2005இல் ப்ளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டு அங்கத்தைய தோட்டங்களைச் சீரழித்துவிட்டது. எல்லையில் பிடிபட்டால் அண்ணா வந்து நிற்கமாட்டார்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், தண்டை அடியில் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். மண்ணோடு சேர்ந்து அசைந்தால் சரி, தனியாக ஆடினால் வேண்டாம். சாடியைக் கவிழ்த்து ஓட்டையைப் பாருங்கள். உருவிக் காட்டச் சொல்லுங்கள், நல்ல கன்று வைத்திருக்கிறவர் முகம் சுளிக்கமாட்டார். நுனியில் இளந்தளிர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இணையத்தில் விற்கும் காய்ந்த விதைப் பொட்டலத்தைத் தொடவே வேண்டாம், கறிவேப்பிலை விதை காய்ந்தால் முளைக்கும் சக்தி போய்விடும். தெரிந்தவர் வீட்டு மரத்தில் கறுத்துப் பழுத்த பழம் கிடைத்தால் சதையை நீக்கி அன்றைக்கே ஊன்றுங்கள்.

தப்பிய கன்றில் இப்போது பதினொரு கொப்பு இலை. இன்னும் ஒன்றும் பறிக்கவில்லை, ரசத்துக்குக் கடையில்தான் வாங்குகிறேன். நேற்று ஒரு தோழி விளம்பரம் ஒன்றைக் காட்டி, வாங்கலாமா என்று கேட்டாள். அதே கராஜ், அதே தவிட்டு நிறச் சாடிகள். விலை 75 ஆகியிருக்கிறது.