ஹேவ்லாக்ல டைவ்மாஸ்டர் இன்டர்ன்ஷிப்: மூணு சீசன் கழிச்சு எழுதுறேன்

2022 அக்டோபர் கடைசியில அந்தமான்ல இருக்க ஹேவ்லாக் தீவு ஜெட்டியில பேக்கோட இறங்கினேன். இப்போ மூணு சீசன் முடிஞ்சு, மழைக்கு கடல் மூடிருக்கு, தூத்துக்குடியில வீட்ல உக்காந்து இத டைப் பண்றேன். டைவ்மாஸ்டர் (ஸ்கூபா டைவிங்ல கெஸ்ட்டுங்கள கடலுக்கடியில வழிநடத்துற ஆள்) இன்டர்ன்ஷிப் பத்தி தேடுனா கிடைக்கிற வீடியோ எல்லாம் முதல் வாரத்துல எடுத்ததா இருக்கு. ஆறு மாசம் கழிச்சு என்ன ஆகுது, அங்க கத்துக்கிட்டது அடுத்த வருஷம் சம்பளத்துக்கு வேலை பாக்கும்போது கை கொடுக்குதா, அதப் பத்தி தமிழ்ல நான் எதுவும் பாக்கல. ரெண்டு மூணு பேர் கேட்டுட்டே இருந்தாங்க, அதான் கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

தெரியாதவங்களுக்கு முதல்ல ரூட்டு. நான் பி.ஏ.டி.ஐ-ங்கிற டைவிங் சர்டிஃபிகேட் குடுக்குற அமைப்பு வழியா போனேன், எஸ்.எஸ்.ஐ-ன்னு இன்னொன்னு இருக்கு, ரெண்டும் உலகம் முழுக்க செல்லும். ஓப்பன் வாட்டர், அட்வான்ஸ்ட், ரெஸ்க்யூ, அதுக்கப்புறம்தான் டைவ்மாஸ்டர். 18 வயசு முடிஞ்சிருக்கணும், டாக்டர் கையெழுத்து போட்ட மெடிக்கல் ஃபார்ம் வேணும், கோர்ஸ் ஆரம்பிக்க லாக்புக்ல 40 டைவ், முடிச்சு சர்டிஃபிகேட் வாங்க 60 டைவ். நான் புதுச்சேரியில ஓப்பன் வாட்டரும் அட்வான்ஸ்டும் முடிச்சு வெறும் 14 டைவோட போனேன். இன்டர்ன்ஷிப்ங்கறது தனி கோர்ஸ் இல்ல, அதே டைவ்மாஸ்டர் கோர்ஸ ஒரு டைவ் சென்டர்லயே தங்கி, அங்க வேலையும் பாத்துக்கிட்டே மாசக்கணக்குல இழுத்துப் படிக்கிறதுதான். அந்த வேலைக்கும் படிப்புக்கும் நடுவுல எவ்ளோ பங்குங்கறதுலதான் எல்லா விஷயமும் இருக்கு.

எனக்கு அது முதல் இடத்துலயே அடி வாங்கித்தான் தெரிஞ்சுது. ‘ஃப்ரீ இன்டர்ன்ஷிப்’னு போட்டிருந்தாங்க, பேர் சொல்லப் போறதில்ல. காலையில அஞ்சரைக்கு டேங்க் ஏத்துறதுல ஆரம்பிச்சு சாயங்காலம் வெட்சூட் அலசிக் காயப்போடுற வரைக்கும் வேலை. ஆறு வாரத்துல நான் தண்ணிக்குள்ள போனது 11 தடவ, அதுலயும் 8 தடவ டூரிஸ்ட் ஒருத்தர் டேங்கப் பிடிச்சுக்கிட்டு பின்னாடி நீந்துனதுதான். அப்போ நான் ரெஸ்க்யூ கூட முடிக்கல! முதல் தடவ கடல்ல இறங்குற ஆளுங்க ட்ரை டைவ்ல 12 மீட்டருக்கு மேல போகக் கூடாது, ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு நாலு பேருக்கு மேல கூடாது, ட்ரெயினி ஒருத்தர் கூட இருக்காங்கன்னு அந்தக் கணக்க ஏத்தவும் கூடாது. டைவ்மாஸ்டர் ஆன பிறகுமே ட்ரை டைவ் ஆளுங்கள முதல் தடவ இன்ஸ்ட்ரக்டர் இல்லாம கடல்ல கூட்டிட்டுப் போற உரிமை நமக்கு கிடையாது. இதெல்லாம் பின்னாடி புக்க படிச்சப்போதான் தெரிஞ்சுது, தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அந்த எட்டு பேர்ல ஒருத்தருக்கு ஏதாவது ஆயிருந்தா நான் என்ன பண்ணிருப்பேன்? எனக்கு எதுவும் தெரியாது, அதுதான் உண்மை.

ரெண்டாவது இடத்துக்கு டிசம்பர்ல மாறினேன். இங்க காசு கட்டணும். ரெஸ்க்யூ, ஃபர்ஸ்ட் எய்ட், டைவ்மாஸ்டர், இன்னொரு பொண்ணோட பகிர்ந்துக்கிற ரூம் எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு லட்சத்து பத்தாயிரம் ஆச்சு, சாப்பாடு தனி. வீட்ல அம்மாட்ட சொன்னப்போ, “ஏளா, வேலை பாக்குறதும் நீ, துட்டு குடுக்குறதும் நீயா”ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான், முதல் பத்து நாள் எனக்கும் அதே கேள்விதான் ஓடுச்சு.

அங்க எனக்கு சொல்லிக்குடுத்த அண்ணன் போர்ட் பிளேர்ல பிறந்து வளர்ந்த தமிழர் (இப்போ ஸ்ரீ விஜயபுரம்னு மாத்திட்டாங்க, அங்க இருக்கவங்க இன்னும் போர்ட் பிளேர்னுதான் சொல்றாங்க). முதல் நாள் லைட்ஹவுஸ்ங்கிற டைவ் ஸ்பாட்ல ஒரு டைவ், நாலு கெஸ்ட், நான் கடைசியா பின்னாடி. நல்ல தெளிவான தண்ணி, லயன்ஃபிஷ் ரெண்டு, பாறைக்குக் கீழ ஆக்டோபஸ் ஒன்னு, நான் சந்தோஷமா படகுல ஏறினேன். அவர் மீனப் பத்தி எதுவுமே கேக்கல. “மஞ்சள் ஃபின்ஸ் போட்டவர் பாதி டைவ்ல எத்தன பார்ல இருந்தார்மா? யாரு கைய வீசி நீந்துனா? யாருக்கு இறங்கும்போது காது அடைச்சுது?”ன்னு கேட்டார். (பார்ங்கறது டேங்க்ல இருக்க காத்தோட அழுத்தம், காத்து எவ்ளோ மிச்சம்னு அதுலதான் தெரியும்.) ஒன்னுக்கும் பதில் தெரியல. மறுநாளும் அதே மாதிரி கேட்டார், அதுக்கு மறுநாளும். மூணு வாரம் கழிச்சு அவர் கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்ல ஆரம்பிச்சேன். நான் கட்டின ஒரு லட்சத்து பத்தாயிரமும் இந்த கேள்விக்குத்தான்னு எனக்கு இன்னைக்கும் தோணுது.

நீச்சல் டெஸ்ட்டப் பத்தி எல்லாரும் பயப்படுறாங்க. 400 மீட்டர் நிக்காம நீந்தணும், 15 நிமிஷம் ஒரே இடத்துல மிதக்கணும், அதுல கடைசி 2 நிமிஷம் கை தண்ணிக்கு மேல, 800 மீட்டர் மாஸ்க் ஸ்நார்க்கல் ஃபின்ஸோட, அப்புறம் அசைவில்லாத ஆள 100 மீட்டர் இழுத்துட்டுப் போகணும். நேரத்துக்குத் தக்கன மார்க். கடற்கரைப் பக்கம் பிறந்தவங்க, கொஞ்சம் பழகுனவங்க சமாளிச்சிரலாம். உண்மையிலயே ஆள உலுக்குறது இன்னொன்னு. தண்ணிக்கடியில ரெண்டு பேர் ஒரே ரெகுலேட்டர மாத்தி மாத்தி வாயில வச்சு மூச்சு விட்டுக்கிட்டே மாஸ்க், ஃபின்ஸ், பிசிடி (டேங்க மாட்டியிருக்க, காத்தடிக்கிற ஜாக்கெட்) எல்லாத்தையும் ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கணும். மாஸ்க் இல்லாம கண்ணு மங்கலா, மூச்சு நம்ம கையில இல்லாம எதிர்ல இருக்கவங்க கையில இருக்கும்போது அவங்கள நம்பி காத்திருக்கணும். மூணு தடவ மேல வந்துட்டேன், நாலாவது தடவதான் முடிஞ்சுது.

தியரி கஷ்டம்னு சொல்வாங்க, எனக்கு அதுதான் ரொம்ப பிடிச்சுது, அதுக்கு வீட்டுக் காரணம் ஒன்னு உண்டு. எங்க தெருவுல பெரியப்பா முறை ஒருத்தர் ரொம்ப வருஷம் சங்கு குளிச்சவர், படகுல கம்ப்ரஸர ஓடவிட்டு ஓஸ் வழியா மூச்சு இழுத்துக்கிட்டு குளிக்கிற காலத்து ஆள். சின்ன வயசுல அவர் சொல்லக் கேட்டிருக்கேன், மேல வந்ததும் தோள்பட்ட, முழங்கால் எல்லாம் கடுக்கும், திரும்ப கடல்ல இறங்குனா சரியாப் போயிரும்னு. கடல் தாய் மாதிரின்னு அதுக்கு ஒரு விளக்கமும் சொல்வார். ஹேவ்லாக்ல ஒரு மழை நாள்ல படிச்சுக்கிட்டு இருக்கும்போது அது என்னன்னு எனக்குப் புரிஞ்சுது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு காற்றழுத்தம் கூடுது, அந்த அழுத்தத்துல நைட்ரஜன் உடம்புக்குள்ள கரையுது, சட்டுனு மேல வந்தா சோடா பாட்டில் திறந்த மாதிரி குமிழா வெளிய வருது, அந்தக் குமிழு மூட்டுல நிக்கிறதுதான் கடுப்பு. திரும்ப இறங்குனா அழுத்தத்துல குமிழு சுருங்குது, வலி போயிருது, ஆனா உள்ள இன்னும் நைட்ரஜன் ஏறுது. அவர் நல்லானதுன்னு நினைச்சது அடுத்த நாள் வலிக்கு முன்பணம். அந்த சீசன் முடிஞ்சு ஊருக்கு வந்ததும் நேரா அவர்ட்டத்தான் போனேன், நோட்டுல படம் போட்டுக் காமிச்சேன். ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு, “இத அப்போ யாராவது சொல்லிருக்கலாம்லா மக்கா”ன்னார். இப்பவும் கைத்தடி வச்சுத்தான் நடக்குறார்.

டேங்க் தூக்குறது, கம்ப்ரஸர் இதெல்லாம் எடுபிடி வேலைன்னு நினைச்சு ஒதுக்காதீங்க, அதே வேலைதான் ஒரு இடத்துல சுரண்டல், இன்னொரு இடத்துல பாடம். அஞ்சாம் நம்பர் பீச் பக்கம் வத்தம் ஆச்சுன்னா கடல் ரொம்ப தூரம் உள்ள போயிரும், டுங்கி (சின்னப் படகு) கரைக்கு வராது, முழங்கால் தண்ணியில கல்லும் மணலுமா நடந்து டேங்கத் தோள்ல வச்சு கொண்டு போகணும், ஒரு நிறைஞ்ச டேங்க் 16, 17 கிலோ வரும். முதல் இடத்துல தூக்குறதோட முடிஞ்சுது. ரெண்டாவது இடத்துல கம்ப்ரஸர் காத்து இழுக்குற குழாய் ஏன் எஞ்சின் புகைக்கு எதிர்ப்பக்கம் இருக்கணும், ஃபில்ட்டர எத்தன மணி நேரம் ஓடுனதுன்னு ஏன் எழுதி வைக்கணும், டேங்க அவசரமா நிரப்புனா சூடாகி ஆறுனதும் ஏன் பார் குறையுதுன்னு பக்கத்துல நின்னு சொல்லிக்குடுத்தாங்க. புகை கலந்த காத்துல கார்பன் மோனாக்சைடு, ஆழத்துல அது ஆளையே கொல்லும். போன சீசன்ல ஒரு நாள் எண்ணெய் நாத்தம் லேசா வந்த டேங்க மோந்து பாத்து ஒதுக்கி வச்சேன், அன்னைக்கு நிரப்புன மொத்த வரிசையையும் காலி பண்ணினோம். மோந்து பாக்கணும்னு எனக்கு சொல்லிக்குடுத்தது அந்த எடுபிடி நாட்கள்தான்.

காது. இத யாரும் சொல்றதில்ல. தினமும் ரெண்டு மூணு டைவ், காதுக்குள்ள ஈரம் காயவே காயாது, ஜனவரியில எனக்கு ரெண்டு காதும் சீழ் பிடிச்சு 9 நாள் தண்ணி பக்கமே போகக் கூடாதுன்னுட்டாங்க. ஒவ்வொரு டைவுக்கு அப்புறமும் நல்ல தண்ணியில காத அலசணும்னு அதுக்கப்புறம்தான் பழகினேன். இப்போ யோசிங்க, நாலு வாரத்துல டைவ்மாஸ்டர்னு விக்கிற பேக்கேஜ்ல 9 நாள் போச்சுன்னா மிச்சம் என்ன? சர்டிஃபிகேட் வரும், ஆள் தயாராகியிருக்க மாட்டாங்க. குறைஞ்சது மூணு மாசம் இல்லன்னா போகாதீங்கன்னு நான் சொல்றதுக்கு இதுதான் பெரிய காரணம்.

மார்ச்ல டிக்சன்ஸ் பினக்கிள்ங்கிற டைவ் ஸ்பாட்டுக்குப் போனோம். ஒரு மணி நேரத்துக்கு மேல படகு, அங்கயும் ஜானிஸ் கார்ஜ்லயும் இருக்கிற பேர் எல்லாம் அந்தக் கடல முதல்ல தேடிக் கண்டுபிடிச்ச கரேன் டைவர்கள் பேர், 1925 வாக்குல பர்மாவுல இருந்து அந்தமானுக்கு வந்த மக்கள். எங்க படகு ஓட்டுற தாதாவும் (அங்க அண்ணன்னு அர்த்தம்) கரேன்தான், எஞ்சின நிப்பாட்டி தண்ணிய ஒரு நிமிஷம் பாத்துட்டு நீரோட்டம் எந்தப் பக்கம்னு சொல்வார், தப்பவே தப்பாது. அன்னைக்கு நான் முன்னாடி வழிநடத்துறேன், அண்ணன் பின்னாடி. தாதா சொன்ன திசைய கேட்டேன், ஆனா கீழ போனதும் ஃபியூசிலியர் மீன் கூட்டம் பாறையச் சுத்தி அருவி மாதிரி கொட்டிட்டு இருந்துச்சு, கெஸ்ட்டுக்குக் காட்டணும்னு ஆசையில நீரோட்டத்தோட போயிட்டேன், திரும்பி எதிர்த்து வரணும்னு யோசிக்கல. ஒரு 11 லிட்டர் டேங்க், 200 பார், அதாவது 2200 லிட்டர் காத்து. 50 பார் கையிருப்பு கழிச்சா 1650. மேல நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்குற ஆள் 30 மீட்டர்ல 80 இழுப்பார், வெறும் 20 நிமிஷம். எதிர்த்து நீந்துனா அதுவும் இல்ல. ஒருத்தர் என்கிட்ட 70 பார்னு கை காட்டினப்போ நாங்க 24 மீட்டர்ல இருந்தோம். அண்ணன் அமைதியா முன்னாடி வந்து, எல்லாரையும் பாறைய விட்டுப் பிரிச்சு, மெதுவா ஏத்தி, 5 மீட்டர்ல 3 நிமிஷம் நிப்பாட்டி, மிதவைய மேல அனுப்பி, படகு வந்து எடுத்துச்சு. யாருக்கும் ஒன்னும் ஆகல. படகுல அவர் திட்டல, சாயங்காலம் பேப்பர் பேனா குடுத்து அந்த டைவோட ஒவ்வொரு நிமிஷத்தையும் எழுதச் சொன்னார். அந்தப் பேப்பர் இன்னும் என் லாக்புக்ல இருக்கு. பின்னாடி அவர் இல்லாம நான் மட்டும் இருந்திருந்தா? முதல் இடத்துல நான் அப்படித்தானே இருந்தேன்.

ஏப்ரல்ல 118 டைவோட முடிச்சேன். வேலை கிடைச்சுதா? கிடைச்சுது, அதே இடத்துல. முதல் சீசன் மாசம் 18 ஆயிரம், ரூம், மதியச் சாப்பாடு. ரெண்டாவது சீசன்ல 25. கெஸ்ட் சில பேர் டிப்ஸ் தருவாங்க, கணக்குல வச்சுக்காதீங்க. சீசன் அக்டோபர்ல இருந்து மே வரைக்கும்தான், மத்த மாசத்துக்கு வேற வழி பாக்கணும், நான் ஊர்ல ஒரு கடையில கணக்கு எழுதுறேன். இன்சூரன்ஸ், வருஷா வருஷம் கட்ட வேண்டிய மெம்பர்ஷிப், கிழிஞ்ச வெட்சூட் எல்லாம் நம்ம கையில இருந்துதான். போட்ட காசு திரும்ப வர ரெண்டு சீசன் ஆச்சு. காசுக்காக மட்டும் வர்றதா இருந்தா வேண்டாம்.

பொண்ணுங்க கேக்குறாங்க, சேஃபான்னு. எனக்கு தொந்தரவு எதுவும் வரல, ஆனா ரூம் யாரோட, பூட்டு இருக்கா, ஸ்டாஃப்ல வேற பொண்ணுங்க இருக்காங்களான்னு காசு அனுப்புறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கிட்டேன். டேங்க் தூக்க முடியுமான்னு ஆம்பளைங்க கேப்பாங்க, ஒரு மாசத்துல பழகிரும்.

சேர்றதுக்கு முன்னாடி சென்டருக்கு ஃபோன் போட்டு ஓனர்கிட்ட பேசாதீங்க, இப்போ அங்க இருக்க இன்டர்ன் நம்பர வாங்கி அவங்ககிட்ட பேசுங்க. போன வாரம் எத்தன டைவ் போனீங்க, அதுல எத்தன ஓப்பன் வாட்டர் கோர்ஸ் கூட நின்னு பாத்தது, டைவ் முடிஞ்சதும் உங்ககிட்ட உக்காந்து பேசுறது யாருன்னு கேளுங்க. மூணாவது கேள்விக்கு ஒரு பேர் உடனே வரலன்னா வேற இடம் பாருங்க. இன்டர்ன் நம்பரயே தர மாட்டோம்னு சென்டர்ல சொன்னா அங்கயே முடிஞ்சுது.

மாஸ்க்கும் டைவ் கம்ப்யூட்டரும் மட்டும் சொந்தமா வாங்கிட்டுப் போங்க, மத்தது அங்க கிடைக்கும். திரும்பி வரும்போது கடைசி டைவுக்கும் ஃப்ளைட்டுக்கும் நடுவுல குறைஞ்சது 18 மணி நேரம் விடணும், அதனால சென்னை டிக்கெட்ட சென்டர்ல கடைசி நாள் எதுன்னு கேட்டுட்டு அதுக்கு மறுநாளுக்குப் போடுங்க. நான் அக்டோபர் 10 வாக்குல கிளம்புறேன், அதுக்குள்ள கேக்க நினைக்கிறவங்க கேளுங்க, அங்க போயிட்டா நெட்வொர்க் எப்போ இருக்கும்னு சொல்ல முடியாது.