எஸ்பிஎஸ்எஸ்ஸா, ஆரா?

எஸ்பிஎஸ்எஸ் (SPSS), ஆர் (R) இரண்டும் சர்வே பதில்களை அலசும் கணினி மென்பொருள்கள். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம், கல்லூரி மூலம் கிடைக்கும் மென்பொருள் லைசென்ஸ் இல்லாமல் சொந்தமாக சர்வே எடுப்பவர்களுக்கு:

செலவு: எஸ்பிஎஸ்எஸ்ஸைச் சந்தாவில் எடுத்தால், கட்டுவதை நிறுத்தியதும் வேலை நின்றுவிடும். ஆர் இலவசம்.

பழக: எஸ்பிஎஸ்எஸ்ஸில் மெனுவைச் சொடுக்கினால் போதும். ஆரில் கட்டளை எழுத வேண்டும். ஒரு கமா விட்டாலும் முரண்டு பிடிக்கும். சொடுக்கியே பழகியவர்களுக்கு, ஆர் மீது கட்டிய ஜமோவி (jamovi) என்ற மென்பொருள் இருக்கிறது; அதுவும் இலவசம்.

தமிழ்ப் பதில்கள்: பலர் மாட்டுவது இங்கேதான். எக்செல்லில் வெறும் சிஎஸ்வியாக (CSV, கமாவால் பிரித்த எளிய கோப்பு) சேமித்தால் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். சேமிக்கும்போது தமிழ் எழுத்தைக் காக்கும் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' (CSV UTF-8) என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் ஆர் 4.2க்கு முந்தைய பதிப்பு வேண்டாம்.

பழைய எஸ்பிஎஸ்எஸ் கோப்புகள்: ஆரில் சேர்த்துக்கொள்ளும் ஹேவன் (haven) என்ற துணைத் தொகுப்பே திறந்துவிடும்.

கூட வேலை செய்பவர்கள் எஸ்பிஎஸ்எஸ்தான் வேண்டும் என்றால் அந்த வேலைக்கு மட்டும் சந்தா. ஆண்டுதோறும் அதே சர்வே என்றால் ஆர். எழுதிய கட்டளையை மறுபடி ஓட்டினால் போதும். ஒரே ஒரு சிறு ஆய்வுக்கு ஜமோவி.