உவர்மலையில் சர்வதேசக் குற்றவியல் சட்ட வகுப்பு: 12 சனிக்கிழமை போன பிறகு எழுதுகிறேன்

திருகோணமலையில் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராக வேலை செய்கிறேன். கூடவே திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டமும் படிக்கிறேன். ஹேக் நகரத்துச் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் ஒருநாள் வேலை செய்ய வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே உள்ள ஆசை. அந்த ஆசையில் போன வருடம் வெளிநாட்டுப் படிப்பு முகவர் ஒருவரிடம் 25,000 ரூபாய் கொடுத்தேன். மூன்று பல்கலைக்கழகங்களின் விளம்பரப் புத்தகங்கள் கிடைத்தன, அவ்வளவுதான். அதனால் இங்கே உவர்மலையில் ஒரு மாடி அறையில் நடக்கும் இந்தத் தமிழ் வகுப்புக்கு 9,000 ரூபாய் கட்டும்போதும் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை.

ஓய்வுபெற்ற சட்டத்தரணி ஒருவர்தான் படிப்பிக்கிறார். முதல் நாளே காந்தி சிலைக் கடற்கரையிலிருந்து தொடங்கினார். 2006 ஜனவரி 2 அன்று அங்கே ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டதும், 2019 ஜூலையில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் போதிய சாட்சியம் இல்லையென்று இதே ஊர் நீதவான் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் எங்கள் அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை. "இப்படி ஒரு வழக்குக் கோவையில் என்னென்ன இருக்க வேண்டும்? எழுதுங்கள்" என்று வெள்ளைத்தாளைக் கொடுத்தார். நான் நான்கு வரிக்கு மேல் எழுத முடியாமல் இருந்துவிட்டேன்.

ஒரு கொலை எப்போது மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாகிறது என்பதற்கே இரண்டு சனிக்கிழமை போனது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய உடன்படிக்கையான ரோம் சாசனத்தின் 7ஆம் உறுப்புரை 11 செயல்களைச் சொல்கிறது. பொதுமக்களைக் குறிவைத்த, பரவலான அல்லது முறைமையான ஒரு தாக்குதலின் பகுதியாக, அது தெரிந்தே செய்யப்பட்டால்தான் அந்தச் செயல் இந்தக் குற்றமாகும். 'முறைமையான' (ஆங்கிலத்தில் systematic) என்ற சொல்லில் அரைமணி நேரம் வாதாடினோம். முறையாக என்றால் நமக்கு நேர்மையாக என்றல்லவா படும்? கடைசியில் 'திட்டமிட்ட ஒழுங்கில்' என்று எழுதிக்கொண்டோம். இலங்கை அந்தச் சாசனத்தில் சேரவில்லை, நம் நாட்டுச் சட்டத்திலும் இப்படி ஒரு தனிக்குற்றம் இல்லை. வலிந்து காணாமல் ஆக்குதலுக்கு 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் உண்டு. உலக மட்டத்தில்கூட இந்தக் குற்றத்தைத் தடுப்பதற்கென்று தனி உடன்படிக்கை இன்னும் வரவில்லை. அதற்கான மாநாட்டை 2028, 2029இல் கூட்ட ஐ.நா. பொதுச்சபை 2024 டிசம்பரில்தான் முடிவெடுத்தது. அதைக் கேட்டபோது எனக்கு உற்சாகமாக இருந்தது. நான் படித்து முடிக்கிற காலத்தில் இந்த வேலைக்கு ஆள் தேவைப்படும்.

என்னை மாற்றியது ஐந்தாவது வாரம். தொலைபேசியில் எடுத்த படத்தை வாட்ஸப்பில் அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் அழிந்துபோகும், மூலக் கோப்பை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்றார். ஒரே சாட்சியிடம் பத்துப் பேர் போய்ப் பத்துத் தடவை கேட்டால், சொல்வதில் வரும் சின்ன வித்தியாசமே நாளை எதிர்த்தரப்பின் ஆயுதமாகும் என்றார். எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. 2007இல் காணாமல் போன மாமாவுக்காக எத்தனை விசாரணைகளில் அம்மா கதை சொல்லியிருக்கிறார்! அன்று இரவு அவருடைய பையிலிருந்த கடதாசிகளை எல்லாம் தரையில் பரப்பினேன். இரண்டு படிவங்களில் திகதி வேறு வேறாக இருந்தது. அம்மாவிடம் மறுபடி கேட்கவில்லை. எந்தத் தாள், யார் தந்தது, எப்போது, மூலப்பிரதி எங்கே என்று பட்டியல் மட்டும் போட்டேன். 43 தாள்கள். இந்த வேலை ஹேக்கில் தொடங்குவதில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

நீதிபதி நவநீதம் பிள்ளையைப் பற்றிய வகுப்பும் மறக்காது. டர்பன் நகரத்துத் தமிழ்க் குடும்பம், பஸ் சாரதியின் மகள். 1994 ருவாண்டா இனப்படுகொலையை விசாரிக்க ஐ.நா. அமைத்த தீர்ப்பாயத்தில், அங்கே ஒரு ஊரின் மேயராக இருந்த அகயேசுவின் வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளில் ஒரே பெண் அவர். முதல் குற்றப்பத்திரத்தில் பாலியல் வன்முறை பற்றி ஒரு சொல்கூட இல்லை. சாட்சிகளாக வந்த பெண்கள் சொன்னதாலும் நீதிபதிகள் கேட்டதாலும் 1997இல் அது திருத்தப்பட்டது. இனப்படுகொலைக்காக ஒரு சர்வதேச நீதிமன்றம் வழங்கிய முதல் தண்டனைத் தீர்ப்பு 1998 செப்டம்பர் 2 அன்று வந்தபோது, பாலியல் வன்முறையும் அதில் இனப்படுகொலைச் செயலாக ஏற்கப்பட்டது. இதைக் கேட்டுப் பின் வரிசையிலிருந்த ஒரு அக்கா அழுதார். சேர் சற்று நேரம் எதுவும் பேசவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். போட்டோக்கொப்பிகள் முழுவதும் ஆங்கிலம், ஒரு தமிழ்ச் சொற்பட்டியலாவது தரலாம். தொழில் வழிகாட்டலுக்குக் கடைசி நாளில் ஒரு மணிநேரம்தான் ஒதுக்கினார்கள். முதலில் இங்கே சட்டத்தரணியாகிக் குற்றவியல் வழக்குகளில் சில வருடம் நில்லுங்கள், பிரெஞ்சும் படியுங்கள், மொழிபெயர்ப்பாளர், தடயவியலாளர், ஆவணக் காப்பாளர் என்றும் சர்வதேச நீதிமன்றங்களில் இடங்கள் உண்டு என்றார்கள். எல்லாம் நல்ல ஆலோசனைதான். ஆனால் அங்கே பயிற்சிக்குப் போகும் மாதங்களில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது என்று ஒருவரும் பேசவில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

அப்புறம் நேரம். இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடிகிறது. சேர் கேள்விகளுக்குப் பதில் சொல்வது கடைசி அரைமணி நேரத்தில். மூதூரிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகள் ஒவ்வொரு வாரமும் ஐந்து மணிக்கே எழும்பிப் போனார்கள். காலை வகுப்பாக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வகுப்பு தையில் தொடங்குகிறது, சம்பூர் மச்சாளின் பெயரைப் பதிந்துவிட்டேன்.